இணைப்பைத் தொட்டுவிட்டேன், இனி என்ன செய்வது? கைபேசி மோசடிக்கு அறிகுறிவாரியாக ஒரு வழிமுறை

கிளிநொச்சியில் ஏ-9 வீதியோரமாகக் கைபேசி திருத்தும் கடை வைத்திருக்கிறேன். உடைந்த திரை, ஊதிப்போன மின்கலம், கிணற்றடியில் தண்ணீருக்குள் விழுந்த தொலைபேசி, இவைதான் முன்பெல்லாம் என் மேசைக்கு வரும். இப்போது வாரத்தில் இரண்டு மூன்று பேராவது பழுதே இல்லாத தொலைபேசியோடு வந்து நிற்கிறார்கள். "தம்பி, ஒரு செய்தி வந்தது. அமத்திவிட்டேன். பிறகு..." என்று தொடங்குவார்கள். அந்தப் "பிறகு" வந்ததும் குரல் தாழ்ந்துவிடும். ஏன் உடனே வரவில்லை என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான்: வீட்டில் சொல்ல வெட்கமாக இருந்தது.

அந்த வெட்கத்தில் கழியும் இரண்டு மூன்று நாட்களைத்தான் மோசடிக்காரன் நம்பியிருக்கிறான். இது எனக்கு மிகுந்த மனவருத்தம் தருகிற விடயம். ஆகவே திரும்பத் திரும்ப நான் பார்த்தவற்றை அறிகுறிப்படி அடுக்கி எழுதுகிறேன். உங்களுக்கு நடந்தது எதுவோ அந்தத் தலைப்புக்கு நேரே போங்கள். செலவில்லாத எளிய காரணத்தை முதலில் பாருங்கள். வங்கிக்கும் பொலிஸுக்கும் எப்போது போகவேண்டும் என்பதை அந்தந்த இடத்தில் சொல்லியிருக்கிறேன்.

ஓ.ரி.பி. எனப்படும் ஒருமுறை இலக்கத்தையோ வங்கி அட்டை விவரத்தையோ கொடுத்துவிட்டீர்கள் என்றால் மட்டும் வாசிப்பதை இத்தோடு நிறுத்துங்கள். கடைக்கும் வர வேண்டாம். அட்டையின் பின்புறம் அச்சிட்டிருக்கும் வங்கி இலக்கத்துக்கு இப்போதே அழையுங்கள். மிச்சத்தைப் பிறகு வாசிக்கலாம்.

அறிகுறி 1: சந்தேகமான செய்தி வந்திருக்கிறது, இன்னும் தொடவில்லை

நீங்கள் நல்ல இடத்தில் நிற்கிறீர்கள். பதற ஒன்றுமில்லை.

முதலில் உங்களையே கேளுங்கள்: இதை நான் எதிர்பார்த்தேனா? "உங்கள் பொதி தபாலகத்தில் இருக்கிறது, முகவரி பிழை, சிறு கட்டணம் செலுத்துங்கள்" என்று வரும் செய்தி பல ஆண்டுகளாகச் சுற்றுகிறது. கேட்கும் தொகை நூறு ரூபாவைக்கூடத் தாண்டாது. இவ்வளவு சின்னத் தொகைக்கு யார் ஏமாற்றப்போகிறார்கள் என்று நினைத்து அட்டை இலக்கத்தை எழுதிவிடுகிறோம். அவனுக்கு அந்த நூறு ரூபா தேவையில்லை, அட்டை இலக்கம்தான் தேவை. உண்மையில் பொதி வந்திருக்கிறதா என்று அறிய உங்கள் ஊர்த் தபாலகத்தில் கேட்டாலே போதும். தபாற்காரரை வீதியில் கண்டு கேட்டாலும் போதும்.

அடுத்து, அனுப்பியவர் பெயரைப் பார்த்து நம்பாதீர்கள். செய்தியின் தலையில் வங்கியின் பெயரோ தபால் திணைக்களத்தின் பெயரோ இருக்கலாம். அந்தப் பெயரைப் போலியாக இடமுடியும். வங்கி முன்பு அனுப்பிய உண்மையான செய்திகளுக்குக் கீழேயே போலியும் போய் உட்காரும். பழைய செய்திகள் உண்மை என்பதால் புதியதும் உண்மை என்று ஆகாது.

மூன்றாவதாக, இணைப்பின் முகவரியைத் தொடாமலே வாசியுங்கள். முகவரியில் முதலாவது ஒற்றைச் சாய்கோடு எங்கே வருகிறது என்று தேடுங்கள். தொடக்கத்தில் வரும் இரட்டைச் சாய்கோட்டை விட்டுவிடுங்கள். அந்த ஒற்றைக் கோட்டுக்கு இடப்பக்கம் ஒட்டி நிற்கும் துண்டுகள்தான் தளத்தின் உண்மையான சொந்தக்காரர். இலங்கை அரச தளம் என்றால் அந்த இடத்தில் "ஜிஓவி புள்ளி எல்கே" என்று முடிந்திருக்க வேண்டும். முகவரியின் நடுவிலே அந்த எழுத்துகள் வந்து, அதற்குப் பிறகு ஒரு சிறுகோடோ இன்னொரு புள்ளியோ போட்டு வேறு சொல் தொடர்ந்தால் அது அரச தளமே அல்ல. முகவரியில் ஒற்றைச் சாய்கோடே இல்லை என்றால் கடைசித் துண்டைப் பாருங்கள்.

அஸ்வெசும உதவித்தொகை, உரமானியம், மாணவர் கொடுப்பனவு என்று வரும் படிவங்களுக்கும் இதே சோதனைதான். அதிலும் எளிய வழி ஒன்று இருக்கிறது: கிராம அலுவலரிடம் கேளுங்கள். அவருக்குத் தெரியாமல் உங்கள் கிராமத்துக்கு ஓர் அரச உதவி வந்துவிடாது.

பிறந்தநாள் கொண்டாடும் நிறுவனம் கார் தருகிறது, இருபது பேருக்கு அனுப்புங்கள் என்று வட்ஸ்அப்பில் வருவதெல்லாம் பொய். அழித்துவிட்டு, அனுப்பிய உறவினருக்கும் சொல்லுங்கள்.

அறிகுறி 2: இணைப்பைத் தொட்டுவிட்டேன், ஆனால் எதையும் எழுதவில்லை

கடைக்கு வருபவர்களில் அதிகம் பேர் இந்த வகைதான். பக்கத்தைத் திறந்த மாத்திரத்தில் காசு போய்விடும் என்று பயந்து, இரவு முழுக்கத் தூங்காமல் வருகிறார்கள். திறந்து பார்த்ததாலேயே வங்கிக் கணக்கு காலியாவதில்லை. மூன்று விடயங்களை மட்டும் பாருங்கள்.

பக்கத்தை மூடுங்கள். உலாவியில், பெரும்பாலும் குரோமில், வரலாற்றையும் தளத் தரவுகளையும் அழியுங்கள்.

"டவுன்லோட்ஸ்" கோப்புறையைத் திறந்து, நீங்கள் கேட்காத கோப்பு ஏதும் இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். கோப்பின் பெயர் "ஏபிகே" என்று முடிந்தால் அது செயலியை நிறுவும் கோப்பு. திறக்காமல் அழித்துவிடுங்கள். திறந்து நிறுவியும்விட்டீர்கள் என்றால் ஏழாவது அறிகுறிக்குப் போங்கள்.

அந்தத் தளம் "அறிவித்தல் அனுப்ப அனுமதிக்கவா" என்று கேட்டு நீங்கள் ஆம் சொல்லியிருந்தால், அடுத்த நாளிலிருந்து "உங்கள் தொலைபேசியில் வைரஸ்" என்று திரையில் செய்தி விழுந்துகொண்டே இருக்கும். அது வைரஸ் அல்ல, விளம்பரம். குரோமின் செட்டிங்ஸில் "நோட்டிபிகேஷன்ஸ்" பகுதிக்குப் போய் அந்தத் தளத்தின் அனுமதியை எடுத்துவிட்டால் நின்றுவிடும். இதற்கு யாருக்கும் காசு கொடுக்காதீர்கள்.

அறிகுறி 3: அட்டை இலக்கம், கடவுச்சொல், ஓ.ரி.பி. இவற்றில் ஒன்றைக் கொடுத்துவிட்டேன்

எந்தத் தகவலைக் கொடுத்தீர்கள் என்பதைப் பொறுத்து வேலை மாறும்.

அடையாள அட்டை இலக்கமும் பெயரும் மட்டும் கொடுத்திருந்தால்: அதைக் கொண்டு மட்டும் காசை எடுக்க முடியாது. ஆனால் அடுத்த சில நாட்களில் உங்கள் பெயரையும் இலக்கத்தையும் சரியாகச் சொல்லி ஒருவர் அழைக்கக்கூடும். எல்லாம் சரியாகச் சொல்கிறாரே, இவர் வங்கிக்காரர்தான் என்று நம்பிவிடாதீர்கள். நீங்கள் கொடுத்ததைத்தான் அவர் திரும்ப வாசிக்கிறார்.

கடவுச்சொல்லைக் கொடுத்திருந்தால்: வேறொரு தொலைபேசியில் இருந்தோ கணினியில் இருந்தோ உடனே மாற்றுங்கள். அதே கடவுச்சொல்லை வேறு எங்கெல்லாம் வைத்திருக்கிறீர்களோ அங்கும் மாற்றுங்கள். கூகுள் கணக்கின் கடவுச்சொல்லை முதலில் மாற்றுங்கள். மற்றக் கணக்குகளை மீட்கும் கடிதமெல்லாம் அந்த மின்னஞ்சலுக்குத்தான் வரும்.

அட்டை இலக்கத்தையும் பின்னாலுள்ள மூன்று இலக்கத்தையும் கொடுத்திருந்தால்: வங்கிக்கு அழைத்து அட்டையை நிறுத்தச் சொல்லுங்கள். வங்கிச் செயலி இருந்தால் அதிலேயே அட்டையைப் பூட்டும் வசதி இருக்கலாம். நிறுத்திய அட்டைக்குப் பதில் புதியது எடுக்கச் சில நாள் அலைய வேண்டியிருக்கும். அலையுங்கள்.

ஓ.ரி.பி.யைக் கொடுத்திருந்தால் நிமிடங்களுக்கும் கணக்கு உண்டு. அழைக்கும்போது "என் இணைய வங்கிச் சேவையையும் அட்டையையும் இரண்டையும் முடக்குங்கள், புதிதாக வேறு சாதனம் பதியப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்" என்று இதே வார்த்தைகளில் கேளுங்கள். பேசியவரின் பெயரையும், அழைத்த நேரத்தையும், முறைப்பாட்டு இலக்கத்தையும் எழுதி வையுங்கள்.

இந்தச் சாதனம் பதியும் விடயத்தை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. தருமபுரம் பக்கத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். தொலைபேசியைப் பொலித்தீன் பையில் சுற்றி, அதை வங்கிப் புத்தகத்தோடு சேர்த்து ரப்பர் பட்டி போட்டு வைத்திருந்தார். காலபோக நெல் விற்ற காசு கணக்கில் கிடந்தது. முதல் நாள் பேரப்பிள்ளை ஒரு பரிசுப் படிவத்தில் அவருடைய அட்டை விவரங்களை நிரப்பியிருக்கிறான். மறுநாள் நல்ல தமிழில் ஒருவர் அழைத்து, "அம்மா, உங்கள் அட்டை முடங்கப்போகிறது, இப்போது வரும் ஆறு இலக்கத்தை வாசியுங்கள்" என்றிருக்கிறார். அம்மா ஒவ்வொரு இலக்கத்துக்கும் கீழே விரலை வைத்துப் பிழையில்லாமல் வாசித்துக் கொடுத்திருக்கிறார். அந்த இலக்கத்தைக் கொண்டு அவர்கள் தங்கள் தொலைபேசியில் அவருடைய கணக்கைப் பதிந்துகொண்டார்கள். அன்று 60,000 ரூபா போனது. மறுநாள் இன்னொரு 60,000. மூன்றாம் நாள் 40,000. நாளொன்றுக்கு உள்ள வரம்பு வரை எடுத்திருக்கிறார்கள். முதல் நாளே காசு குறைந்த செய்தி அவருக்கு வந்திருந்தது. மகனுக்குத் தெரிந்தால் ஏசுவான் என்று மூன்று நாள் பேசாமல் இருந்திருக்கிறார்.

அந்த ஆறு இலக்கச் செய்தியை நான் அவருடைய தொலைபேசியில் திறந்து பார்த்தேன். இலக்கத்துக்கு அடுத்த வரியிலேயே "இதை யாரிடமும் சொல்லாதீர்கள், வங்கி ஊழியரிடமும் சொல்லாதீர்கள்" என்று எழுதியிருந்தது. ஆங்கிலத்தில். வாசித்துத் தமிழில் சொன்னேன். சிறிது நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "இதைத் தமிழில் எழுதியிருந்தால் நான் சொல்லியிருக்க மாட்டேனே, தம்பி" என்றார். அவருக்கு நான் சொல்ல ஒரு பதிலும் இருக்கவில்லை.

உங்கள் வங்கிக் கிளைக்குப் போகும்போது, செய்திகளைத் தமிழில் அனுப்ப முடியுமா என்று கேளுங்கள். முடியாது என்றால் எழுத்தில் கேளுங்கள். வீட்டில் ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்த பிள்ளை இருந்தால், பெரியவர்களின் தொலைபேசியில் வந்த ஒரு ஓ.ரி.பி. செய்தியைத் திறந்து, ஒவ்வொரு சொல்லாகத் தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். நூறு எச்சரிக்கைகளைவிட அது மனதில் நிற்கும்.

இதே அறிகுறி, காசு ஏற்கெனவே போய்விட்டது என்றால்

வங்கிக்கு வங்கி இணையவழியில் அனுப்பும் பணம் நொடிகளில் மறுபக்கம் போய்ச் சேர்ந்துவிடும். ஆகவே உங்கள் வங்கி, பணம் போன வங்கியோடு பேசி அந்தக் கணக்கை நிறுத்தவேண்டும். அங்கிருந்து ஏ.ரி.எம். வழியாக எடுப்பதற்கு முன் நடந்தால்தான் பலன் உண்டு. அட்டை வழியாக இணையக் கடையில் செலவாகியிருந்தால் அது வேறு: ஆட்சேபனைப் படிவம் கேட்டு நிரப்பிக் கொடுங்கள், திரும்பி வரும் வாய்ப்பு அதில் கூடுதல்.

தொலைபேசியில் அழைத்ததோடு நிற்காமல் கிளைக்குப் போய் எழுத்தில் முறைப்பாடு கொடுங்கள். பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். பிறகு பொலிஸ் நிலையம். இணைய மோசடி 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின் கீழ் குற்றம். "நீங்களே கொடுத்தீர்கள், நாங்கள் என்ன செய்வது" என்று யார் சொன்னாலும் திரும்பி வந்துவிடாதீர்கள். தமிழில் முறைப்பாடு செய்வது உங்கள் உரிமை. நடந்ததைத் தமிழில் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். வேறு மொழியில் பதிந்தால், கையெழுத்திடுவதற்கு முன் வாசித்து விளக்கச் சொல்லுங்கள்.

கொண்டுபோக வேண்டியவை: செய்தியின் ஸ்கிரீன்ஷாட், அனுப்பிய இலக்கம், இணைப்பின் முழு முகவரி, வங்கிக் கூற்று, நேர வரிசை. கோபத்தில் செய்தியை அழித்துவிட்டு வருபவர்கள் அதிகம். அழிக்காதீர்கள். அதுதான் சாட்சி.

இலங்கை கணினி அவசரப் பதிலளிப்புக் குழுவின் துரித இலக்கம் 101. வங்கி உங்கள் முறைப்பாட்டைத் தட்டிக் கழித்தால் மத்திய வங்கியின் நிதி வாடிக்கையாளர் பிரிவை 1935இல் அழைக்கலாம். அதற்கு முன் வங்கியிடம் எழுத்தில் கொடுத்ததற்கான ஆதாரம் உங்களிடம் இருக்க வேண்டும். முத்திரை வாங்கச் சொன்னது அதற்காகத்தான்.

அறிகுறி 4: என் வட்ஸ்அப்பில் இருந்து யாரோ காசு கேட்கிறார்கள்

இது மூன்று விதமாக நடக்கும். மூன்றும் வெளியே பார்க்க ஒன்றுபோல இருக்கும்.

முதலில், காசு கேட்ட செய்தி எந்த இலக்கத்தில் இருந்து போயிருக்கிறது என்று நண்பரிடம் கேளுங்கள். இலக்கம் வேறு, படமும் பெயரும் மட்டும் உங்களுடையவை என்றால் உங்கள் கணக்கு பத்திரமாக இருக்கிறது. படத்தை எடுத்து வேறு கணக்குத் திறந்திருக்கிறான். எல்லோரும் சேர்ந்து அந்த இலக்கத்தை முறையிட்டுத் தடுத்தால் போதும்.

இலக்கம் உங்களுடையதுதான், உங்கள் தொலைபேசியிலும் வட்ஸ்அப் வழமைபோல வேலை செய்கிறது என்றால், வேறொரு சாதனத்தில் உங்கள் கணக்கை இணைத்திருக்கிறான். செட்டிங்ஸில் "லிங்க்டு டிவைசஸ்" என்று இருக்கும். திறந்து, நீங்கள் அறியாத எல்லாவற்றையும் வெளியேற்றுங்கள். "போட்டியில் எனக்கு வாக்களியுங்கள்" என்று வரும் இணைப்பில் எட்டு எழுத்துக் குறியீட்டைப் போடச் சொல்வது இதற்காகத்தான்.

உங்கள் தொலைபேசியில் வட்ஸ்அப் வெளியேறிவிட்டது, திரும்பப் பதியச் சொல்கிறது என்றால் கணக்கைப் பிடித்துவிட்டான். எங்கோ ஓரிடத்தில் ஆறு இலக்கக் குறியீட்டைக் கொடுத்திருக்கிறீர்கள். பெரும்பாலும் கேட்டது தெரிந்தவராகவே இருப்பார், "தவறுதலாக உங்களுக்கு ஒரு குறியீடு வந்துவிட்டது, அனுப்புங்கள்" என்று. அவருடைய கணக்கையும் அதற்கு முன்பே பிடித்திருப்பார்கள்.

செய்ய வேண்டியது: உங்கள் இலக்கத்தைப் போட்டுத் திரும்பப் பதியுங்கள். புதிய ஆறு இலக்கம் குறுஞ்செய்தியில் வரும். அதை இட்டவுடனேயே மற்றவன் வெளியேற்றப்படுவான். அதற்குப் பிறகு நீங்கள் வைக்காத ஓர் இரகசிய இலக்கத்தை வட்ஸ்அப் கேட்டால் அது அவன் வைத்தது. ஏழு நாள் காத்திருந்தால் அது இல்லாமலே உள்ளே போகலாம். அந்த ஏழு நாளும் அவனும் உள்ளே இருக்க மாட்டான். குறியீடு வராமல் "சில மணி நேரம் கழித்து முயலுங்கள்" என்று காட்டினால், அவன் வேண்டுமென்றே பலமுறை கேட்டு நேரத்தை இழுத்திருக்கிறான். அழித்து நிறுவி அழித்து நிறுவி முயலாதீர்கள், காத்திருக்கும் நேரம்தான் கூடும்.

அதற்கிடையில் பக்கத்து வீட்டுத் தொலைபேசியில் இருந்து உறவினருக்கு அழைத்துச் சொல்லுங்கள். குடும்பக் குழுக்களில் ஒருவர் எழுதிப் போட்டாலே பாதி சேதம் தவிர்ந்துவிடும்.

கணக்குத் திரும்பியதும் "டூ-ஸ்டெப் வெரிபிகேஷன்" என்பதை இயக்கி ஓர் இரகசிய இலக்கம் வையுங்கள். பிறந்த ஆண்டை வைக்காதீர்கள்.

இன்னொரு சோதனை: யாராவது அழைத்து "நட்சத்திரம், 21, நட்சத்திரம், ஓர் இலக்கம், ஹாஷ் என்று அழுத்துங்கள்" என்று சொல்லி, நீங்கள் அழுத்தியிருக்கிறீர்களா? அப்படியானால் உங்களுக்கு வரும் அழைப்புகள் அவனுக்குப் போகின்றன. குறியீட்டை அழைப்பு வழியாகக் கேட்டால் அதுவும் அவனுக்கே போகும். *#21# என்று அழுத்தினால் திசைதிருப்பல் இருக்கிறதா என்று காட்டும். ##002# என்று அழுத்தினால் எல்லாம் நீங்கும்.

அறிகுறி 5: வெளிநாட்டில் இருக்கும் உறவினர் அவசரமாகக் காசு கேட்கிறார், அல்லது வெளிநாட்டுப் பார்சல் சுங்கத்தில் நிற்கிறது

வன்னியில் வெளிநாட்டில் ஆள் இல்லாத வீடு குறைவு. அதை மோசடிக்காரனும் அறிந்திருக்கிறான்.

வழமையான இலக்கத்துக்கு நீங்களே திரும்ப அழையுங்கள். புதிய இலக்கத்துக்கு அல்ல. இங்கே காலை 11 மணி என்றால் ரொறொன்ரோவில் நடுச்சாமம். உண்மையான அண்ணா தூங்கிக்கொண்டிருக்கும் நேரத்தில்தான் போலி அண்ணாவின் செய்தி வரும். எழுப்புங்கள். நித்திரை குழம்பியதற்கு எந்த அண்ணாவும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

அழைப்பு எடுபடவில்லை என்றால், வீட்டார் மட்டும் அறிந்த ஒன்றைக் கேளுங்கள். பழைய வீட்டுக் கிணற்றடியில் என்ன மரம் நின்றது? இடம்பெயர்ந்தபோது முதலில் எந்தக் கோயிலில் தங்கினோம்? பேஸ்புக்கில் எழுதியிராத விடயமாக இருக்கட்டும். குரலை மட்டும் கேட்டு நம்பாதீர்கள். ஒருவரின் குரலைப் போலச் செய்யக் கணினியால் இப்போது முடிகிறது.

பார்சல் கதை வேறு. பேஸ்புக்கில் பழகிய வெளிநாட்டவர் நகையும் டொலரும் அனுப்பியதாகச் சொல்வார். சில நாளில் "சுங்கத்திலிருந்து" ஓர் அழைப்பு வரும். வரியை ஒருவருடைய சொந்த வங்கிக் கணக்கில் போடச் சொல்வார்கள். சோதனை ஒன்றே ஒன்று: அரச வரி தனிநபர் கணக்குக்குப் போவதில்லை. அங்கேயே நிறுத்துங்கள். ஒருமுறை போட்டுவிட்டால் அபராதம், முத்திரைக் கட்டணம், விடுவிப்புக் கட்டணம் என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். நகையை அடகு வைத்து மூன்றாவது தவணையும் கட்டிய பிறகு வந்தவர்களைக் கண்டிருக்கிறேன். ஏற்கெனவே போட்டிருந்தால், அறிகுறி 3இல் சொன்ன வங்கி, பொலிஸ் வழிதான். போட்டதை மீட்க இன்னும் போடாதீர்கள்.

அறிகுறி 6: சிக்னல் திடீரென்று போய்விட்டது

எங்கள் பக்கத்தில் இதற்குப் பெரும்பாலும் அப்பாவிக் காரணம்தான். ஒட்டுசுட்டான், நெடுங்கேணிக் காட்டுப் பக்கம் போனவருக்குச் சிக்னல் இல்லாமல் போவது புதினம் அல்ல.

வானூர்தி நிலையை இயக்கி நிறுத்துங்கள். பக்கத்தில் அதே நிறுவனத்துச் சிம் வைத்திருப்பவருக்குச் சிக்னல் இருக்கிறதா என்று பாருங்கள். அவருக்கும் இல்லை என்றால் கோபுரத்தில் கோளாறு, காத்திருங்கள். சிம்மைக் கழற்றி, உலர்ந்த துணியால் துடைத்து, வேறு தொலைபேசியில் போட்டுப் பாருங்கள். அங்கே வேலை செய்தால் உங்கள் தொலைபேசியில்தான் பழுது. அதற்கு என்னைப் போன்ற கடைக்காரர் போதும்.

எல்லோருக்கும் சிக்னல் இருக்கிறது, உங்கள் சிம் மட்டும் எந்தத் தொலைபேசியிலும் எழவில்லை, அதற்கு முந்திய நாட்களில் யாரோ உங்கள் அடையாள அட்டை விவரம் கேட்டார்கள் என்றால் இது அவசரம். வேறு தொலைபேசியில் இருந்து சிம் நிறுவனத்துக்கு அழைத்து, என் இலக்கத்துக்குப் புதிய சிம் கொடுக்கப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள். ஆம் என்றால் அதை முடக்கச் சொல்லிவிட்டு, அடுத்த அழைப்பை வங்கிக்கு எடுங்கள். உங்கள் ஓ.ரி.பி. எல்லாம் இப்போது அந்தப் புதிய சிம்முக்குப் போய்க்கொண்டிருக்கிறது.

அறிகுறி 7: தொலைபேசி தானாக இயங்குகிறது

தானாகத் திறக்கிறது, சூடாகிறது, டேட்டா தீர்கிறது என்று சொல்பவர்களில் பாதிப்பேருக்கு உடைந்த திரையோ பழுதான மின்கலமோதான் காரணம். திரையில் ஈரம் போனாலும் தானாகத் தொடும். அதை முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

திரை நல்லது, ஆனால் செய்தியில் வந்த செயலியை நிறுவியிருக்கிறீர்கள் என்றால்: டேட்டாவையும் வைபையையும் நிறுத்துங்கள். செட்டிங்ஸில் "அக்சஸிபிலிட்டி" என்ற பகுதியைத் திறந்து, தெரியாத செயலிக்கு அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். இந்த அனுமதி கிடைத்த செயலி உங்கள் திரையை வாசிக்கும், உங்களுக்காகப் பொத்தானும் அழுத்தும். அனுமதியை எடுத்துவிட்டுச் செயலியை நீக்குங்கள். நீக்க விடவில்லை என்றால் "டிவைஸ் அட்மின்" பட்டியலில் அது இருக்கும், அங்கே எடுத்துவிட்டுத் திரும்ப முயலுங்கள். அப்போதும் முடியாவிட்டால் அண்ட்ராய்டின் பாதுகாப்பு நிலையில் தொடக்கி நீக்கலாம். திருத்துபவரிடம் கொடுத்தால் சில நிமிட வேலை.

"வங்கி உதவி" என்று சொல்லித் திரையைப் பகிரும் செயலியை நிறுவச் சொல்லியிருந்தால் அதையும் நீக்குங்கள். எந்த வங்கியும் உங்கள் திரையைப் பார்க்கக் கேட்பதில்லை.

எதுவும் சரிவரவில்லை என்றால், படங்களையும் தொடர்புகளையும் பிரதி எடுத்துவிட்டு, தொழிற்சாலை நிலைக்குத் திருப்புவதே வழி. அதற்குப் பிறகே கடவுச்சொற்களை மாற்றுங்கள், முந்தி மாற்றினால் அதையும் அந்தச் செயலி பார்த்துவிடும். தொலைபேசியைத் திருத்தக் கொடுக்கும்போது வங்கிச் செயலியின் இரகசிய இலக்கத்தைக் கடைக்காரரிடமும் சொல்லாதீர்கள். என்னிடமும் சொல்லாதீர்கள்.

அறிகுறி 8: வேலை கிடைத்திருக்கிறது, ஆனால் முதலில் காசு கட்டச் சொல்கிறார்கள்

காணொளிக்கு விருப்பம் இட்டால் காசு என்று ரெலிகிராமில் தொடங்கும். முதல் நாள் சில நூறு ரூபா உண்மையாகவே கணக்குக்கு வரும். பிறகு "உயர்நிலைப் பணிக்கு" வைப்பு கேட்பார்கள். கேட்ட அந்த இடத்தில் நிறுத்துங்கள். வந்த சில நூறைத் திருப்பிக் கொடுக்கவும் தேவையில்லை, அதைப் பற்றி வங்கியிடம் சொல்லுங்கள்.

வெளிநாட்டு வேலை என்றால், முகவருக்கு அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தை 1989இல் அழைத்துக் கேளுங்கள். தாய்லாந்தில் கணினி வேலை, சுற்றுலா விசாவில் வாருங்கள் என்றால் போகவே வேண்டாம். அப்படி ஏமாற்றிக் கொண்டுபோகப்பட்ட இலங்கை இளைஞர்கள் மியான்மாரின் மியாவாடிப் பகுதியில் இணைய மோசடி முகாம்களில் அடைக்கப்பட்டு, 2024இல் பலர் மீட்கப்பட்டார்கள். உங்கள் தொலைபேசிக்கு வரும் பொய்ச் செய்தியை எழுதுபவன் அப்படி அடைபட்ட ஒரு பிள்ளையாகவும் இருக்கக்கூடும்.

அறிகுறி 9: யாரென்றே தெரியாதவர் காசு என் கணக்கில் வந்திருக்கிறது

சந்தோஷப்பட வேண்டாம். தொடவும் வேண்டாம்.

உண்மையாகவே ஒருவர் கணக்கிலக்கம் பிழைத்து அனுப்பியிருக்கலாம். அப்படியானாலும், அழைத்துக் கேட்பவரின் கணக்குக்கு நீங்களே திருப்பி அனுப்பாதீர்கள். கிளைக்குப் போய் "இந்தப் பணம் என்னுடையது அல்ல, வந்த வழியே திருப்புங்கள்" என்று எழுதிக் கொடுங்கள்.

"உன் கணக்கைக் கொஞ்ச நாள் தா, வரும் காசில் ஒரு பங்கு உனக்கு" என்று கேட்டு, ஏ.ரி.எம். அட்டையையும் இரகசிய இலக்கத்தையும் வாங்கிக்கொண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள். வேலை இல்லாமல் இருக்கும் பையன்களைத்தான் தேடுவார்கள். எங்கோ ஓர் அம்மாவின் நெல்லுக் காசு அந்தக் கணக்குக்குத்தான் வரும். விசாரணை வரும்போது காகிதத்தில் இருப்பது கணக்குக்காரன் பெயர். கொடுத்திருந்தால் இன்றே அட்டையை நிறுத்துங்கள். பிறகு ஒரு சட்டத்தரணியோடு பேசிவிட்டுப் பொலிஸ் நிலையத்துக்கு நீங்களே போங்கள். இதில் நீங்களாகச் சமாளிக்க முயலாதீர்கள்.

அறிகுறி 10: போன காசை மீட்டுத் தருவதாக ஓர் அழைப்பு

ஏமாந்தவர்களின் இலக்கங்கள் கைமாறுகின்றன. சில வாரம் கழித்து "இணையக் குற்றப் பிரிவு" என்றோ "வங்கியின் தலைமையகம்" என்றோ சொல்லி ஒருவர் அழைப்பார். உங்களிடமிருந்து போன தொகையைச் சரியாகச் சொல்வார். மீட்க ஒரு சிறு கட்டணம் கேட்பார். எதுவும் சொல்லாமல் துண்டியுங்கள். முறைப்பாட்டு இலக்கத்தை வைத்து நீங்களே வங்கிக்கோ பொலிஸுக்கோ அழையுங்கள். வங்கியின் இலக்கத்தைக் கூகுளிலோ பேஸ்புக்கிலோ தேடாதீர்கள், அங்கே போலி இலக்கங்கள் இருக்கின்றன. அட்டையில் இருப்பதை எடுங்கள்.

தருமபுரத்து அம்மாவுக்கும் இரண்டு மாதம் கழித்து அப்படி ஓர் அழைப்பு வந்தது. அவர் முதல்முறை கடைக்கு வந்தபோது, அட்டையின் பின்புறத்து இலக்கத்தைப் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தேன். அதைக் குசினியில் தொங்கும் நாட்காட்டியின் மேல் ஒட்டி வைத்திருக்கிறார். அழைத்தவரிடம், "என்னிடம் வங்கியின் இலக்கம் இருக்கிறது, தம்பி. நீங்கள் வையுங்கள், நானே அழைக்கிறேன்" என்று சொன்னாராம். மறுபக்கம் உடனே துண்டித்துவிட்டது.